சுவர் நிற்கும்போது ஃபாகர் எதற்கு?

கேள்வி: 8 கறவை மாடுகளுக்குப் புதிதாகக் கொட்டகை கட்டினோம். 50 அடி நீளம், 20 அடி அகலம். நான்கு பக்கமும் கூரை வரை செங்கல் சுவர், நீளவாக்கில் பக்கத்துக்கு இரண்டு ஜன்னல், மேலே தகர ஷீட். கூரையின் தாழ்ந்த ஓரம் 8 அடி உயரம். பழைய திறந்த கொட்டகையிலிருந்து மாடுகளை மாற்றி மூன்று மாதம் ஆகிறது. பால் குறைந்துவிட்டது, மதியத்தில் மாடுகளுக்கு மூச்சு வாங்குகிறது. தரை காய்வதே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது. இரண்டு மாடுகளுக்குப் பின்னங்கால் மூட்டு வீங்கியிருக்கிறது, ஒன்றுக்கு மடிநோய் வந்து போனது. கட்டிக் கொடுத்தவர் தண்ணீரைப் பனிபோல் தெளிக்கும் ஃபாகர், ரப்பர் பாய், கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புத் தாள் மூன்றும் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். மூன்றுக்கும் சேர்த்துச் செலவழிக்க முடியாது. எதை முதலில் வாங்குவது?

பதில்: மூன்றில் எதையும் இப்போது வாங்க வேண்டாம். சுவரைத் திறந்து, தரையின் வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடும் சரிவை, சரிசெய்யுங்கள். இரண்டுக்கும் ஒரு கொத்தனாரும் சம்மட்டியும் போதும்.

நீங்கள் எழுதியிருக்கும் ஐந்தாறு தொல்லைகளும் தனித்தனி நோய் அல்ல. பால் குறைவும் மூச்சு வாங்குவதும் கண் எரிச்சலும் காற்றுப் போகாததால் வருபவை. மூட்டு வீக்கமும் மடிநோயும் ஈரமான, கடினமான தரையிலிருந்து வருபவை. பழைய கொட்டகையில் இவை இல்லை என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அங்கே இல்லாமல் இங்கே புதிதாக வந்தவை சுவரும் சிமென்ட் தளமும்தானே?

மாட்டுக்குக் குளிரைவிட வெப்பம்தான் பெரிய எதிரி. நல்ல கறவையில் இருக்கும் பெரிய மாடு ஒன்று ஒரு கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் விடுகிறது. இரவும் பகலும் நிறுத்தாமல் விடுகிறது. உங்கள் கொட்டகையில் அப்படி எட்டு அடுப்பு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒவ்வொரு மாடும் மூச்சிலும் தோலிலும் நாளுக்குப் பத்து லிட்டர் தண்ணீரையாவது ஆவியாகக் காற்றில் கலக்கிறது. தரையில் விழும் கோமியமும் சாணத்தின் ஈரமும் தனிக் கணக்கு. இந்த வெப்பமும் ஈரமும் வெளியே போக வழி வேண்டும். நான்கு ஜன்னல் போதாது. ஜன்னல் மனிதன் எட்டிப் பார்க்க வைப்பது. படுத்திருக்கும் மாட்டின் மூக்கு அதற்கு இரண்டு மூன்று அடி கீழே இருக்கிறது.

கண் எரிகிறது என்கிறீர்களே, அது அம்மோனியா. கோமியத்தில் இருக்கும் யூரியாவைச் சாணத்தில் உள்ள நொதி பிரிப்பதால் அந்த வாயு வருகிறது. கோமியமும் சாணமும் கலந்து தேங்கினால் வரும், கோமியம் உடனே ஓடிவிட்டால் பெரிதாக வராது. காலையில் கதவைத் திறந்தவுடன் மாட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு எரிந்தால், இரவு முழுக்க அங்கேயே மூச்சு விட்ட மாட்டின் நுரையீரல் என்ன பாடுபட்டிருக்கும்? கொட்டகையைப் பார்வையிட வருகிறவர்கள் இதைச் செய்வதில்லை. வாசலில் நின்று, டேப்பைப் பிடித்து நீள அகலம் அளந்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தச் சுவர் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்தது மாட்டுக்காக வரைந்த திட்டம் அல்ல. கடன் விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு மாதிரி வரைபடம் வைத்திருப்பார்கள். கிடங்குக்கும் அதுதான், கோழிக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான். சுவர் இருந்தால்தான் அளக்க முடியும், அளந்தால்தான் மதிப்புப் போட முடியும், மதிப்புப் போட்டால்தான் தவணை வரும். காற்றை யாரும் அளந்து பில் போடுவதில்லை. கட்டுகிறவருக்கும் சுவர் என்றால் செங்கல், சிமென்ட், பூச்சு, பெயின்ட் என்று ஒவ்வொன்றிலும் லாபம். திறந்த பக்கத்தில் என்ன கிடைக்கும்? 8 மாட்டுக்கு 1,000 சதுர அடிக் கட்டடம் எப்படி வந்தது என்பதும் இதே கதைதான். ஒரு கறவை மாட்டுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டர், அதாவது 38 சதுர அடி, தாராளம். வெளியே உலாவ அதைப்போல் இரு மடங்கு திறந்த இடம். தீவனத் தொட்டிக்கும் நடைபாதைக்கும் சேர்த்தாலும் உங்களுக்குப் பாதிக் கட்டடம் போதுமாக இருந்திருக்கும். 20 மாட்டுத் திட்டம் என்று எழுதினால் கடன் பெரிதாகும், கடன் பெரிதானால் நடுவில் நின்று தாள் நிரப்பிக் கொடுத்தவருக்குக் கமிஷன் பெரிதாகும். காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் வட்டி நீங்கள்தான் கட்டுகிறீர்கள். சரி, கட்டியாகிவிட்டது. இடம் அதிகமாக இருப்பதால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கூரை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். இரும்புத் தூண் அல்லது கான்கிரீட் தூண் கூரையைத் தாங்கி, சுவர் இடையில் அடைப்பாக மட்டும் இருந்தால் தைரியமாக உடைக்கலாம். கூரையின் பாரம் சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தால் கை வைக்காதீர்கள். தூண் கொடுத்துப் பாரத்தை மாற்றிய பிறகுதான் உடைக்க வேண்டும். இதை உங்களுக்குக் கட்டிக் கொடுத்தவரிடம் கேட்காமல் வேறு ஒரு பொறியாளரிடம் கேளுங்கள்.

நீளமான இரண்டு பக்கங்களையும் திறந்துவிடுங்கள். தரையிலிருந்து ஒரு அடி மட்டும் விட்டுவைத்தால் மழைத்தண்ணீர் உள்ளே வராது, சாணம் வெளியே போகாது. அதற்கு மேல் சுவருக்குப் பதில் இரண்டு மூன்று குறுக்குக் குழாய் போதும். கொத்தனார் மூன்று அடிக் கைப்பிடிச் சுவர் விடலாம் என்பார், பார்வைக்கு அழகு என்பார். மாடு ஒரு நாளில் பாதி நேரம், சுமார் 12 மணி நேரம், படுத்திருக்கும் பிராணி. மூன்று அடிச் சுவர் விட்டால் படுத்திருக்கும் மாட்டுக்குக் காற்றே வராது. அகலவாக்கில் இருக்கும் இரண்டு பக்கச் சுவர்களை இப்போதைக்கு விட்டுவையுங்கள். உங்கள் கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் அந்தச் சுவர்கள் காலை மாலைத் தாழ் வெயிலை மறைக்கவும் உதவும்.

கூரையின் முகட்டையும் திறக்க வேண்டும். சூடான ஈரக் காற்று மேலே ஏறும். உச்சியில் வழி இல்லாவிட்டால் அங்கேயே தங்கி, இரவில் தகரத்தில் பட்டுக் குளிர்ந்து, விடியற்காலையில் மாட்டின் முதுகில் சொட்டும். கொட்டகையின் 10 அடி அகலத்துக்கு 2 அங்குலம் என்பது பழகிய கணக்கு. உங்கள் 20 அடிக்கு முகடு நெடுக 4 அங்குலத் திறப்பு வேண்டும். முகட்டு மூடியைக் கழற்றி எறிய வேண்டாம், கட்டை கொடுத்து உயர்த்தினாலே போதும். மழை வராதா என்று எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் தூறும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே தீவனத் தொட்டியும் மின்சார இணைப்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது.

திறந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கம் திறந்த கொட்டகையில் பெருங்காற்று உள்ளே புகுந்து ஷீட்டை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். எல்லா போல்ட்டையும் முடுக்கி, தூண்களின் அடி தளத்தோடு பிடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தில் கூரையை இரண்டு மூன்று அடி வெளியே நீட்டலாம், அல்லது சுருட்டி ஏற்றி இறக்கும் தார்ப்பாய் கட்டலாம். தார்ப்பாயை இறக்கினால் மழை விட்டதும் ஏற்ற வேண்டும். அதை நிரந்தரச் சுவராக்கிவிட்டால் சுவரை உடைத்த கூலி தண்டம். கொசுவுக்காகச் சுற்றிலும் நெருக்கமான வலை அடிப்பதும் இதே கதைதான். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு காற்று குறையும்.

இங்கே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இளங்கன்று. நான் மேலே சொன்னதெல்லாம் வளர்ந்த மாட்டுக்கு. பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குட்பட்ட கன்றின் உடம்பில் கொழுப்பும் இல்லை, வயிற்றில் தீவனத்தைப் புளிக்க வைத்துச் சூடு உண்டாக்கும் வேலையும் இன்னும் தொடங்கவில்லை. வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே சூட்டைக் காத்துக்கொள்ள அது தன் சக்தியைச் செலவழிக்கத் தொடங்கும். ஈரத்தோடு காற்றும் அடித்தால் 15 டிகிரிக்கு மேலேயே நடுங்கும். ஆகவே சின்னக் கன்றுக்கு மட்டும் தாழ்வான சுவர் வேண்டும். அதற்காகக் கன்றுக்குத் தனி அறை கட்டிக் கதவு போட்டுவிடாதீர்கள். அறை கட்டினால் நீங்கள் விட்டொழித்த அம்மோனியா எல்லாம் கன்றுக்குப் போய்ச் சேரும், நுரையீரல் சளி அங்கேதான் தொடங்கும். விட்டுவைத்த அகலச் சுவரின் ஒரு மூலையில், மூன்று பக்கம் மூன்றரை அடி உயரத்துக்கு அடைப்பு, அதற்கு மேல் முழுக்கத் திறப்பு. படுத்தால் காற்று படக் கூடாது, நின்றால் முகத்தில் புதுக்காற்று பட வேண்டும். கீழே வைக்கோல், கன்று படுத்தால் அதன் கால்கள் மறையும் அளவுக்கு. பெரிய மாடுகளைக் கடந்து வரும் காற்று அந்த மூலைக்கு வராதபடி, காற்று வரும் திசையில் இருக்கும் மூலையாகப் பாருங்கள். அடைப்பு கழற்றி மாட்டுவதாக இருக்கட்டும், ஏனென்றால் கோடையில் கன்றுக்கும் அது வேண்டாம். செங்கல்லில் கட்டிவிட்டால் கோடையில் யாரும் உடைக்கப் போவதில்லை. இரண்டு மாதம் தாண்டிய கன்றுக்கு இந்த வசதி தேவையில்லை. கன்றைக் காரணம் காட்டி மொத்தக் கொட்டகையையும் மூடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கன்று படுக்கும் இடம் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள்.

அடுத்தது தரை. ஒரு வாளித் தண்ணீரை மாடு நிற்கும் இடத்தில், தொட்டி ஓரமாக ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று பாருங்கள். வாட்டம் சரியாக இருந்தால் தேங்காது. மாடு நிற்கும் ஐந்தரை அடிக்கு, முன்னங்காலிலிருந்து பின்னங்கால் பக்கமாக, ஒன்றரை அங்குலம் சரிவு வேண்டும். அதைவிட அதிகம் வைத்தால் சினை மாட்டுக்கு ஆகாது. பின்னால் ஒரு அடி அகலத்தில், இரண்டு மூன்று அங்குலம் ஆழத்தில் வடிகால். 50 அடி நீளத்துக்கு அந்த வடிகால் முனைக்கு முனை ஆறு அங்குலம் இறங்க வேண்டும். உங்கள் தளம் பெரும்பாலும் ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்டிருப்பார்கள். வீட்டுத் தளம் போட்டுப் பழகிய கைக்கு, சமமாக இருப்பதுதான் நல்ல வேலை. முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டாம். மாடு நிற்கும் பட்டையில் மட்டும் பழைய மேற்பரப்பைக் கொத்திவிட்டு, வாட்டத்தோடு புதுச் சிமென்ட் கான்கிரீட் போட்டால் போதும். மேல் பூச்சு மழமழவென்று இருக்கக் கூடாது. ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள். சல்லி துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்கும் போகாதீர்கள், அது குளம்பைத் தேய்த்துவிடும்.

மூட்டு வீக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மாடு எழுந்திருக்கும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். அதற்குத் தலையை முன்னால் எக்கிக் கொடுக்க இரண்டு மூன்று அடி இடம் வேண்டும். தீவனத் தொட்டியின் சுவர் உயரமாக இருந்தாலோ, கட்டிய கயிறு குட்டையாக இருந்தாலோ அந்த இடம் கிடைக்காது. உங்கள் மாடு நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிட்டு முன்னங்காலால் முதலில் எழுகிறதா என்று கவனியுங்கள். அப்படி எழுந்தால் கயிற்றை நீட்டுங்கள், தொட்டியின் மாட்டுப் பக்க விளிம்பைத் தாழ்த்துங்கள். இதற்கு மருந்து வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் வீக்கம் வற்றி வற்றித் திரும்ப வரும்.

ரப்பர் பாய் நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்லவில்லை. வாட்டம் இல்லாத தளத்தில் போட்டால் அடியில் கோமியம் புகுந்து தேங்கும், மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடியில் நாற்றமும் கிருமியும். பாயை வாராவாரம் தூக்கிக் கழுவுவேன் என்று சொன்ன பண்ணைகளில் ஆறு மாதம் கழித்துப் பாயைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். தளம் சரியான பிறகு ஒரே ஒரு பாய் வாங்கி ஒரு மாட்டுக்குப் போடுங்கள், மற்ற மாடுகளையும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். அதில் நீண்ட நேரம் படுத்தால் மற்றதற்கும் வாங்கலாம். அதுவரை காய்ந்த வைக்கோல் அல்லது மணல் பரப்புங்கள். மடிநோய்க் கிருமி வளர மணலில் தீனி கிடையாது. ஆனால் வடிகாலில் அடைக்கும், சாண எரிவாயு கலன் வைத்திருந்தால் அங்கே போய்ப் படியும். படுக்கை சரியா என்று பார்க்க எளிய வழி, நீங்களே அதில் மண்டியிட்டுப் பத்து எண்ணுவது. முழங்கால் வலித்தாலோ துணி நனைந்தாலோ மாட்டுக்கும் அதே கதி.

ஃபாகரைப் பற்றி இரண்டு வரி. அது தண்ணீரைப் புகையாக்கிக் காற்றில் கலக்கும் கருவி. மாடு மூச்சாலும் தோல் ஈரத்தாலும்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. மூடிய கொட்டகையில் இன்னும் ஈரத்தைக் கொட்டினால் மாடு அவியும், தரை நனையும், மடிநோய் திரும்பும். விற்கிறவர் வாசலில் நின்று, புகை வரும்போது நம் முகத்தில் சிலுசிலு என்று படவிட்டு ஆர்டர் வாங்கிவிடுவார். சுவரைத் திறந்த பிறகும் வெப்பம் தாங்கவில்லை என்றால் மின்விசிறிதான் முதலில். விசிறியின் விட்டத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை அதன் காற்று பயன்படும். 3 அடி விசிறி என்றால் 30 அடிக்கு ஒன்று. உங்கள் 50 அடிக்கு, மாடு நிற்கும் ஒரு வரிசைக்கு இரண்டு. இயற்கைக் காற்று அடிக்கும் திசையிலேயே, மாட்டின் முதுகில் படும்படி சாய்த்து மாட்டுங்கள். வெயில் இறங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். பகலில் உடம்பில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்கும். உலோகச் சட்டம் உள்ள கொட்டகையில் மின்சார வேலை செய்யும்போது எர்த் இணைப்பைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். நாம் உணராத சின்னக் கசிவைக்கூட மாடு உணர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கு வரத் தயங்கும்.

கட்டிக் கொடுத்தவர் சொன்ன மூன்றில் கூரைத் தாளில்தான் ஓரளவு நியாயம் இருக்கிறது. 8 அடி உயரத் தகரம் மதியத்தில் மாட்டின் முதுகுக்குச் சூடு காட்டத்தான் செய்யும். வெப்பமான இடத்தில் தாழ்ந்த ஓரமே 10 அடி இருக்க வேண்டியது. இருந்தாலும் முதலில் கூரையின் மேல்புறத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், மங்கினால் திரும்ப அடியுங்கள். அடியில் ஒட்டும் தாளில் எலியும் குருவியும் குடியேறிக் கிழிந்து தொங்குவது சாதாரணம்.

தண்ணீரையும் கவனியுங்கள். கோடையில் கறவை மாடு நாளுக்கு 100 லிட்டர் வரை குடிக்கும். இரண்டு வேளை வாளியில் காட்டுவது போதாது, எந்நேரமும் எட்டும்படி இருக்க வேண்டும்.

கடன் தவணையோ மானியமோ இன்னும் வரவேண்டியிருந்தால் சுவரை உடைக்குமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கால்நடை மருத்துவர் ஒருவரிடம், காற்றோட்டத்துக்காகப் பக்கங்களைத் திறக்க வேண்டும் என்று கடிதம் வாங்கி இணையுங்கள். மாட்டுக் கொட்டகைக்கு மாட்டு மருத்துவரின் கருத்தை முதலிலேயே கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படிவத்தில் எங்கும் இருக்காது, நீங்கள்தான் புகுத்த வேண்டும். கட்டிக் கொடுத்தவருக்கு இன்னும் பணம் பாக்கி வைத்திருந்தால், வாளித் தண்ணீர்ச் சோதனையை அவர் எதிரிலேயே செய்து காட்டிவிட்டு மீதிப் பேச்சைப் பேசுங்கள். ‘நாங்கள் எல்லா இடத்திலும் இப்படித்தான் போடுகிறோம்’ என்பார். போட்டிருப்பார், சந்தேகமே இல்லை.

சுவரை உடைக்கும் முன்பே மதியம் மூன்று மணிக்கு, நிழலில் நிற்கும் மாட்டின் விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி எழுதி வையுங்கள். நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனால் வெப்பம் தாங்கவில்லை என்று அர்த்தம். வாயைத் திறந்து, நாக்கு தொங்க மூச்சு விட்டால் காத்திருக்காமல் உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறி போட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள். வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே மாடுகளுக்குத் திரும்ப எண்ணுங்கள். அப்போதும் 60-க்குக் கீழே வராவிட்டால் இரண்டு கணக்கையும் கொட்டகையின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். படம் கழுவித் துடைத்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டாம்.